பழைய புட்டியும் பத்து ரூபாயும்

சென்ற வாரம் விழுப்புரத்தில் ஒரு கூட்டம் முடிந்த பிறகு, ரயிலுக்கு நேரமிருந்தபடியால், ஸ்டேஷனுக்கு எதிரிலிருந்த தேநீர்க் கடையில் தோழர்கள் சிலருடன் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். அப்போது திண்டிவனத்திலிருந்து வந்திருந்த தோழர் ஒருவர் நம்மை ஒரு கேள்வி கேட்டார். அவருடைய மைத்துனர் புதுச்சேரிக்காரர். பிரான்சு தேசத்தில் குடியேறி இருப்பவர். விடுமுறைக்கு வந்த அந்த மைத்துனர் ஒரு சேதி சொன்னாராம். அதாவது, பெல்ஜியம் தேசத்தில் ஒரு கிறிஸ்தவ மடத்தில் சாமியார்களே பீர் காய்ச்சி விற்கிறார்களாம். மடத்து வாசலில் புட்டி மலிவாகக் கிடைக்குமாம். அதையே வெளியில் ஒருவன் பத்து யூரோவுக்கு விற்கிறானாம். அந்தப் புட்டியைச் சில வருஷம் நிலவறையில் வைத்துப் பழசாக்கி விட்டால் இன்னும் அதிக விலை கேட்கிறானாம். "இது நியாயமா, அநியாயமா?" என்பதுதான் கேள்வி.

உடனே ஒரு தோழர், "இது பகல் கொள்ளை" என்றார். இன்னொரு தோழர், "இதிலே என்ன கொள்ளை இருக்கிறது? வேண்டுமென்கிறவன் வாங்குகிறான், வேண்டாமென்கிறவன் போகிறான்; இது வியாபாரம்" என்றார். ரயில் வருகிறவரை வாதம் தீரவில்லை. நாமும் அவசரத்தில் ஏதோ இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வண்டி ஏறிவிட்டோம். ஆனால் வழியெல்லாம் யோசித்துப் பார்த்ததில், அந்தக் கேள்விக்கு நாம் அங்கே சொன்ன பதில் போதாது என்று பட்டது. ஆதலால் இங்கே சற்று விரிவாக எழுதுகின்றோம்.

பகுத்தறிவுப் பத்திரிகையில் குடியைப் பற்றியும் புட்டி விலையைப் பற்றியும் எழுதலாமா என்று சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். குடி நல்லதென்று நாம் சொல்ல வரவில்லை. குடியினால் கெட்ட குடும்பங்கள் எத்தனை என்பதை நாம் சொல்லித்தான் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டுமென்பதில்லை. அவரவர் தெருவிலேயே பார்த்துக் கொள்ளலாம். ஆனால் ஒருவன் குடிக்கிறான் என்பதற்காக அவனை ஏமாற்றலாம் என்றோ, அவனை அதட்டிப் பணம் பிடுங்கலாம் என்றோ எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை. எந்த நியாயத்திலும் இடமில்லை. குடிக்கிறவனும் மனிதன்தான். அவன் கொடுக்கும் காசும் வேர்வை சிந்திச் சம்பாதித்த காசுதான்.

விலை ஏற்றத்துக்கு மூன்று கேள்விகள்

எந்தச் சாமானுக்காவது ஒருவன் கூடுதல் விலை கேட்டால், அது நியாயமா அல்லவா என்று கண்டுபிடிப்பதற்கு மூன்று கேள்விகள் போதும் என்பது நமது அபிப்பிராயம்.

முதலாவது, அவன் சொல்வது மெய்யா? இரண்டாவது, விலையை ஏற்றுகிறவன் அதற்காக ஏதாவது உழைத்தானா, அல்லது ஏதாவது நஷ்டப்பட்டானா? மூன்றாவது, வாங்குகிறவனுக்கு வேறு வழி இருக்கிறதா? வேறு வழி இல்லையென்றால் அந்த வழியை அடைத்தவன் யார்?

இது ஒன்றும் புதிய வேதாந்தமல்ல. நமது ஊர் அரிசி மண்டியில் தினந்தோறும் நடப்பதுதான். புது அரிசியைவிடப் பழைய அரிசிக்கு விலை அதிகம். யாராவது அதை அநியாயம் என்று சொல்லுகிறார்களா? சொல்லுவதில்லை. ஏனென்றால், நெல்லை ஒரு வருஷம் இருப்பு வைத்தவனுக்கு அதில் போட்ட பணம் ஒரு வருஷம் முடங்கிப் போகிறது. எலி தின்கிறது, புழு விழுகிறது, ஈரம் காய்ந்து எடை குறைகிறது, வைத்திருக்கும் இடத்துக்கும் வாடகை உண்டு. அத்தனையையும் அவன் தாங்கிக்கொண்ட பிறகு, அந்த அரிசி குழையாமல் உதிரியாக வேகிறது. வாங்குகிறவன் வேகவைத்துப் பார்த்தே தெரிந்து கொள்ளலாம். பிடிக்காதவன் அடுத்த கடையில் புது அரிசி வாங்கிக் கொள்ளலாம். ஆகவே மூன்று கேள்விக்கும் அங்கே நேரான பதில் இருக்கிறது. ஆனால் அதே வியாபாரி, புது அரிசியைச் சாக்கு மாற்றிப் பழையது என்று விற்றால் அவன் திருடன். ஊரெல்லாம் பஞ்சம் வந்தபோது கிடங்கைப் பூட்டி வைத்து விலை ஏறட்டும் என்று காத்திருந்தால் அவன் திருடனிலும் கேடானவன். அரிசி அதே அரிசிதான். அதிக விலையும் அதே அதிக விலைதான். ஆனால் நியாயம் மாறிவிடுகிறது.

பழசு என்றால் உயர்வா?

இப்போது பீர்ப் புட்டிக்கு வருவோம். பழசு என்றாலே உயர்வு என்று நம்புவது நம் மக்களுக்கு ஊட்டப்பட்ட கெட்ட வழக்கங்களில் ஒன்று. சாஸ்திரமானாலும் சரி, சாராயமானாலும் சரி, "இது மிகப் பழையது" என்று ஒருவன் சொல்லிவிட்டால் போதும், கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பழசாவதனாலேயே ஒரு வஸ்துவுக்கு யோக்கியதை வந்துவிடாது. சிலது பழசானால் பக்குவப்படும். பெரும்பாலானவை பழசானால் ஊசிப்போகும்.

நம் நாட்டுக் கடைகளில் விற்கும் பீரில் பெரும்பாலானது வெளிர்மஞ்சள் நிறமுள்ள சாதாரண பீர். அது புதிதாக இருக்கும்போது குடிப்பதற்கென்றே செய்யப்படுவது. அட்டையில் ஆறு மாதத்துக்குள் உபயோகிக்க வேண்டுமென்று போட்டிருப்பதைப் பார்க்கலாம். அதற்கு மூன்று விரோதிகள் உண்டு: வெளிச்சம், உஷ்ணம், காற்று. வெயில் பட்டால் அதில் சேர்க்கும் ஹாப் பூவின் சத்து முறிந்து துர்நாற்றம் வரும். அதனால்தான் பழுப்பு நிறச் சீசாவில் அடைக்கிறார்கள். நாள் ஆக ஆக, நனைந்த அட்டையை முகர்ந்தாற்போல் ஒரு வாடை வரும். கத்திரி வெயிலில் தகரக் கூரையின் கீழ் கிடந்த பீரை ஒருவன் "பழைய சரக்கு" என்று உயர்த்தி விற்றால், அவனைப் பிடித்துக் கொடுக்க வேண்டுமே தவிர, அவனுக்குக் கூடுதல் காசு கொடுக்கக் கூடாது.

ஆனால் வேறொரு ஜாதி பீரும் உண்டு. மாவுச் சத்து அதிகம் போட்டு, சாராயச் சத்து அதிகமாக, கறுப்பாகவோ கருஞ்சிவப்பாகவோ, சிறிய ஆலைகளில் சிறிது சிறிதாகக் காய்ச்சுவது. சிலவற்றில் புட்டிக்குள்ளேயே ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் உயிரோடு இருந்து மெதுவாக வேலை செய்துகொண்டிருக்கும். இதை இருட்டிலும் குளிர்ச்சியிலும் வைத்தால் சில வருஷங்களுக்குள் காரம் அடங்கி, உலர்ந்த திராட்சை, பேரீச்சம்பழம் போன்ற ருசி வரும் என்பது உண்மை. அதிலும் எல்லாப் புட்டியும் தேறுவதில்லை. விஸ்கியோ என்றால், மரப் பீப்பாயில் இருக்கும் வரையில்தான் முதிரும். புட்டியில் அடைத்த பிறகு இருபது வருஷம் பெட்டியில் வைத்திருந்தாலும் அது முதிராது. இதைத் தெரிந்துகொள்ளாமல், தாத்தா காலத்துப் புட்டி என்று சொல்லி விஸ்கியின் வயதைக் கூட்டி விற்கிறவனிடம் ஏமாறுகிறவர்கள் படித்தவர்களிலேயே ஏராளம்.

ஆகையால், நல்ல கறுப்புப் பீரை ஒருவன் உண்மையாகவே ஐந்து வருஷம் குளிர்ந்த நிலவறையில் வைத்திருந்து, கெட்டுப்போனதைக் கழித்து, எந்த வருஷத்துச் சரக்கு, எங்கே எப்படி வைக்கப்பட்டது என்பதை ஒளிக்காமல் சொல்லி, இருமடங்கோ ஐந்து மடங்கோ கேட்டால், நாம் அதை அநியாயம் என்று சொல்ல மாட்டோம். அது இல்லாவிட்டால் யாருடைய குடும்பமும் பட்டினி கிடக்கப் போவதில்லை. வாங்க வருகிறவன் பணக்காரன். அவனை யாரும் கழுத்தைப் பிடித்து வாங்கச் சொல்லவில்லை. பிடிக்கவில்லையென்றால் திரும்பிப் போக அவனுக்குக் காலும் இருக்கிறது, காரும் இருக்கிறது. அவனுடைய நாக்குக்காக நாம் கண்ணீர் விட வேண்டியதில்லை.

மடத்துப் பீரின் கதை

நமது திண்டிவனத்துத் தோழர் கேட்ட மடத்துச் சமாசாரத்தையும் பார்ப்போம். அது பெல்ஜியத்தில் வெஸ்ட்விளெட்டரன் என்ற ஊரிலுள்ள செயின்ட் சிக்ஸ்டஸ் மடம். அந்தச் சாமியார்கள் தங்கள் ஜீவனத்துக்கும் மடத்துச் செலவுக்கும் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் காய்ச்சுகிறார்கள். 2005-ஆம் வருஷத்தில் பீர்ப் பிரியர்கள் அவர்களுடைய சரக்கே உலகத்தில் முதன்மையானது என்று மதிப்பிட்ட பிறகு, மடத்து வாசலில் கார்கள் வரிசையாக வந்து நின்றன. அப்படியிருந்தும் அவர்கள் அதிகமாகக் காய்ச்சவில்லை. விலையையும் வானத்துக்கு ஏற்றவில்லை. ஒருவருக்கு இத்தனை பெட்டிதான் என்று அளந்து கொடுத்து, "வாங்கிப் போய் மறுபடியும் விற்கக் கூடாது" என்ற நிபந்தனையும் போட்டார்கள். அதை மீறி, 2018-இல் ஹாலந்து தேசத்துக் கடைக் கம்பெனி ஒன்று பிறர் மூலமாக ஆயிரக்கணக்கான புட்டிகளைச் சேர்த்து, புட்டி பத்து யூரோ வீதம் விற்றது. மடத்தார் ஆட்சேபித்தார்கள்; செய்தி உலகமெல்லாம் பரவிற்று.

இதில் யார் மேல் குற்றம்? கம்பெனிக்காரன் அந்தப் பீரைக் காய்ச்சவுமில்லை. பல வருஷம் பாதுகாத்துப் பழசாக்கவுமில்லை. விற்கமாட்டேன் என்ற வாக்கின் பேரில் வாங்கியதை விற்றதுதான் அங்கே நடந்த வேலை. ஆகவே அங்கே குற்றம் பத்து யூரோ என்ற எண்ணில் இல்லை. வாக்கு மோசத்தில் இருக்கிறது. அந்தச் சாமியார்கள் யோக்கியமாக நடந்ததற்கும் அவர்களுடைய ஜெபதபத்தை நாம் காரணம் சொல்ல வேண்டியதில்லை. எவ்வளவு தேவை, எவ்வளவு விலை என்று கணக்குப் பார்த்து நடந்தார்கள்; அவ்வளவுதான். நமது ஊர் மடங்கள் எதைக் காய்ச்சி யாருக்கு என்ன கணக்குச் சொல்லுகின்றன என்ற பேச்சை இன்னொரு சமயம் வைத்துக் கொள்ளலாம்.

உண்மையான அநியாயம் எங்கே?

நிற்க, பெல்ஜியத்துப் புட்டிக்காக விழுப்புரத்துத் தேநீர்க் கடையில் ஒரு மணி நேரம் சண்டை போட்ட நமது தோழர்கள், தங்கள் ஊர்க் கடையில் தினமும் நடப்பதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்பதுதான் நமக்கு ஆச்சரியமாக இருந்தது.

தமிழ்நாட்டில் மது விற்பது யார்? சர்க்கார்தான். 1983-இல் மொத்த வியாபாரத்துக்காக டாஸ்மாக் கம்பெனி ஏற்பட்டது. 2003 நவம்பர் முதல் சில்லறைக் கடைகளும் அதன் கைக்கே வந்துவிட்டன. வேடிக்கை என்னவென்றால், இந்த வியாபாரம் முழுவதும் 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டத்தின் கீழேயே நடக்கிறது. மதுவை விலக்குவதற்கென்று செய்த சட்டத்தின் பேரால் மதுவை விற்று, 2024-25-ஆம் வருஷத்தில் மட்டும் சர்க்காருக்கு 48,000 கோடி ரூபாய்க்கு மேல் வருமானம் வந்திருக்கிறது. இதில் வேறு யாரும் போட்டிக்கு வர முடியாது. வந்தால் ஜெயில்.

ஒவ்வொரு புட்டியின் மேலும், எல்லா வரிகளும் உட்பட இதற்கு மேல் விற்கக் கூடாது என்று ஒரு விலை அச்சடிக்கப்பட்டிருக்கிறது. அச்சடித்த விலைக்கு மேல் சில்லறைக் கடைக்காரன் வாங்கக் கூடாது என்று 2011-ஆம் வருஷத்துச் சட்டமுறை அளவை விதிகள் தெளிவாகச் சொல்லுகின்றன. ஹோட்டலுக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு; மேஜை நாற்காலி போட்டு, ஆள் வைத்துப் பரிமாறுகிறான் என்பதால் அவன் அதிகம் வாங்கலாமென்று 2017 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லிற்று. கம்பி வலைக்குப் பின்னால் கையை நீட்டிப் புட்டியைத் தள்ளுகிற கடையில் மேஜை ஏது, நாற்காலி ஏது, பரிமாறல் ஏது?

அப்படியிருந்தும், அச்சடித்த விலைக்கு மேல் பத்து ரூபாய் என்பது தமிழ்நாட்டில் குழந்தைக்கும் தெரிந்த கணக்காக ஆகிவிட்டது. அங்கே நடக்கும் பேச்சு வார்த்தை இவ்வளவுதான்:

"அண்ணே, அட்டையில ஒரு வெல போட்டிருக்குது, நீங்க பத்து ரூபா சேத்துக் கேக்குறீங்களே?"

"வேணும்னா எடு, இல்லன்னா நவுரு. பின்னால ஆளு நிக்குது."

இதைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதியதுண்டு, சட்டசபையில் பேசியதுண்டு, ஊழியர்கள் மீது நடவடிக்கை எடுத்ததாகச் சர்க்காரே சொல்லியதுண்டு. 2025 மார்ச்சில் மத்திய அமலாக்கத் துறை சோதனை நடத்தி, புட்டிக்குப் பத்து முதல் முப்பது ரூபாய் வரை அதிகம் வாங்கப்பட்டதாகவும் ஒரு குற்றச்சாட்டைச் சொல்லிற்று. அந்த விசாரணைக்கு அதே வருஷம் மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட் தடை விதித்தது. அந்த வழக்கில் யார் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்லுவது நமது வேலையல்ல. கடை வாசலில் நடப்பதைப் பார்ப்பதற்கு எந்தக் கோர்ட்டின் அனுமதியும் வேண்டியதில்லை.

இப்போது நமது மூன்று கேள்விகளையும் இந்தப் பத்து ரூபாயின் முன் வைத்துப் பாருங்கள். சொல்வது மெய்யா? அட்டையில் ஒரு விலை, வாயில் ஒரு விலை. ரசீது கேட்டால் கோபம். உழைப்போ நஷ்டமோ உண்டா? புட்டியைப் பழசாக்கினார்களா, பாதுகாத்தார்களா? லாரியில் வந்த அன்றோ மறுநாளோ விற்றுப் போகிற சரக்கு. வாங்குகிறவனுக்கு வேறு வழி உண்டா? சட்டமே வேறு வழியை அடைத்துவிட்டது. ஒரு கேள்விக்காவது நேரான பதில் இல்லை. பணக்காரனுடைய பழைய புட்டிக்கு ஐந்து மடங்கு விலை நியாயமாக இருக்கலாம். கூலிக்காரனுடைய குவார்ட்டருக்குப் பத்து ரூபாய் அதிகம் அநியாயம்.

அவர்கள் சொல்லும் சமாதானங்கள்

"பத்து ரூபாய் என்ன பிரமாதம்?" என்று சிலர் சொல்லுவார்கள். 2025-26-ஆம் வருஷத்துக்கு நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். எட்டு மணி நேர வேலை என்று வைத்துக்கொண்டால், பத்து ரூபாய் என்பது கிட்டத்தட்ட கால் மணி நேரம் வெயிலில் மண் வெட்டுவதற்குச் சமம். முண்டியம்பாக்கத்தில் கரும்பு வெட்டுகிறவனும், மரக்காணத்தில் உப்பு வாருகிறவனும் வாரத்துக்கு நாலு புட்டி வாங்கினால், வருஷத்துக்கு 2,080 ரூபாய் இப்படிப் போகிறது. அந்தப் பணத்தில் பிள்ளைக்குச் செருப்பும் நோட்டுப் புஸ்தகமும் வாங்கலாம். கடைக்கு ஒரு நாளைக்கு 300 புட்டி விற்கிறதென்று வைத்துக்கொண்டால், ஒரு கடையில் மட்டும் வருஷத்துக்குப் பத்து லட்சம் ரூபாய்க்கு மேல். இதைப் பிரமாதமில்லை என்று சொல்லுகிறவர்கள், தங்கள் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொண்டால் சும்மா இருப்பார்களா?

"குடிகாரன் பணம்தானே, எப்படியும் வீணாகப் போவதுதானே?" என்பது இரண்டாவது சமாதானம். இது மகா அயோக்கியத்தனமான பேச்சு. குடிக்கிறவனைத் திருத்துவதற்காக இந்தப் பத்து ரூபாய் வாங்கப்படவில்லை. அது அவன் வீட்டுக்கும் போவதில்லை, சர்க்கார் கஜானாவுக்கும் போவதில்லை, ஆஸ்பத்திரிக்கும் போவதில்லை. அது குறைவது குடிகாரன் சாராயத்திலிருந்தல்ல. அவனுடைய பெண்டு பிள்ளைகளின் சோற்றிலிருந்துதான்.

"விலை அதிகமென்றால் வாங்காமல் போகட்டுமே" என்பது மூன்றாவது. பெல்ஜியத்துப் பீருக்கு இது பொருந்தும் என்று நாமே ஒப்புக்கொண்டோம். ஆனால் குடிப் பழக்கத்துக்கு அடிமையானவனுக்கு இது பொருந்தாது. கை நடுங்கி நிற்கிறவனைப் பார்த்து "இஷ்டமிருந்தால் வாங்கு" என்று சொல்லுவது, கட்டிப் போட்டவனைப் பார்த்து "இஷ்டமிருந்தால் எழுந்து போ" என்று சொல்லுவது போன்றதாகும். வாங்காமல் போகிறவன் எங்கே போகிறான் என்பதையும் இந்த ஜில்லாக்காரர்கள் கண்ணாரக் கண்டவர்கள். 2023 மே மாதத்தில் மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்துப் பத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அடுத்த வருஷம் ஜூனில், முன்பு விழுப்புரம் ஜில்லாவிலேயே சேர்ந்திருந்த கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அந்தச் சாவுகளுக்கு இந்தப் பத்து ரூபாயே காரணமென்று நாம் சொல்லவில்லை. ஆனால், ஏழை எந்தப் படியில் நிற்கிறான், அவனை ஒரு படி கீழே தள்ளினால் எங்கே விழுவான் என்பதை இந்தச் சாவுகளைப் பார்த்தும் தெரிந்துகொள்ளாதவர்கள் நியாயம் பேச வரக்கூடாது.

நான்காவது சமாதானம் ஒன்றுதான் காது கொடுத்துக் கேட்கத் தக்கது. அதைச் சொல்லுகிறவர்கள் கடை ஊழியர்கள். 23,000-க்கு மேற்பட்ட ஊழியர்கள் 2003 முதல் தொகுப்பூதியத்திலேயே காலந்தள்ளி வந்திருக்கிறார்கள். 2025 ஏப்ரலிலிருந்து மாதம் 2,000 ரூபாய் உயர்த்தப்பட்டது. உடைந்த புட்டியின் விலை, சரக்கு இறக்குகிற கூலி, கடையின் சில்லறைச் செலவுகள், மேலே கொடுக்க வேண்டிய மாமூல் ஆகியவையெல்லாம் தங்கள் தலையில் விழுகின்றன என்று அவர்களுடைய சங்கங்கள் சொல்லி வருகின்றன. இது மெய்யானால், அதைச் சரிக்கட்ட வேண்டியவன் முதலாளி. முதலாளி யார்? சர்க்கார். 48,000 கோடி வாங்குகிற முதலாளி, தன் ஊழியனுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல், "நீ கூலிக்காரனிடம் பிடுங்கிக்கொள்" என்று கண்ணை மூடிக்கொண்டால், அது ஒரு ஏழையை விட்டு இன்னொரு ஏழையைக் கடிக்கச் செய்வதாகும். கோயில் வாசலில் தட்டு ஏந்துகிறவனுக்குச் சம்பளம் கொடுக்காமல், பக்தனிடம் வாங்கிக்கொள் என்று விடுகிற தர்மகர்த்தாவின் யோசனைதான் இதுவும்.

அருமை யாரால் வந்தது?

வேறொரு விஷயமும் சொல்ல வேண்டும். சாமான் அருமையாகிவிட்டால் விலை ஏறும் என்பது வியாபார சூத்திரம். ஆனால் அந்த அருமை யாரால் வந்தது என்று கேட்க வேண்டும். மடத்துப் பீர் அருமையானதற்குக் காரணம் மடத்தார் தங்கள் தேவைக்கு மேல் காய்ச்சாததுதான். இங்கே அருமை வருவது பூட்டினாலும் எல்லைக் கோட்டினாலும். 1948-இல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தபோது, பக்கத்திலிருந்த புதுச்சேரி பிரஞ்சுக்காரர் கையில் இருந்தது. அங்கே மது இருந்தது. ஒரே பாஷை, ஒரே சாப்பாடு, ஒரே மழை பெய்கிற பூமியில் நடுவில் ஒரு கோடு. அந்தக் கோட்டின் இந்தப் பக்கம் வந்தவுடன் புட்டிக்கு விலை ஏறிற்று. பிரஞ்சுக்காரர் 1954-இல் போய்விட்டார்கள், கோடு போகவில்லை. இன்றும் கோட்டக்குப்பத்திலும் வானூரிலும் சோதனைச் சாவடி வைத்துச் சைக்கிளில் வருகிறவனையும் பஸ்ஸில் வருகிறவனையும் சோதிக்கிறார்கள்.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கில் கடைகளெல்லாம் பூட்டப்பட்டபோது, பதுக்கி வைத்திருந்தவர்கள் புட்டியைப் பல மடங்கு விலைக்கு விற்றதை யார் மறந்திருப்பார்கள்? அந்தப் புட்டி அருமையானது யாருடைய உழைப்பினால்? ஒருவருடைய உழைப்பினாலும் அல்ல, பூட்டினால். அதே வருஷம் மே மாதத்தில் புதுச்சேரியில் கடை திறந்தபோது, தமிழ்நாட்டு விலைக்குச் சமமாக இருக்க வேண்டுமென்று விசேஷ வரி போட்டார்கள். அந்த வரியாவது பகிரங்கமாகச் சொல்லி, உத்தரவு போட்டு, கஜானாவில் சேர்ந்தது. பதுக்கினவன் வாங்கியதற்கு உத்தரவு ஏது, கணக்கு ஏது?

இன்னொரு பத்து ரூபாய்

பத்து ரூபாய் என்றாலே அநியாயம் என்றும் நாம் சொல்லவில்லை. நீலகிரியில் காட்டில் எறிந்த உடைந்த சீசாக்கள் யானை முதலிய பிராணிகளின் காலைக் கிழித்ததால், சென்னை ஹைகோர்ட் உத்தரவின் பேரில் 2022-இல் ஒரு ஏற்பாடு வந்தது. புட்டிக்குப் பத்து ரூபாய் அதிகம் வாங்கிக்கொண்டு, காலிப் புட்டியைக் கொண்டுவந்து கொடுத்தால் அந்தப் பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிடுவது. பிறகு அது வேறு ஜில்லாக்களுக்கும் வந்தது. இந்தப் பத்து ரூபாய்க்குக் காரணம் சொல்லப்பட்டது. புட்டியில் அடையாளம் ஒட்டப்பட்டது. திரும்பி வரவும் செய்கிறது. இதைக் கொடுப்பதில் எவனுக்கும் அவமானமில்லை. காரணமும் சொல்லாமல், ரசீதும் கொடுக்காமல், திருப்பியும் தராமல், "நவுரு" என்று சொல்லி வாங்குகிற பத்து ரூபாயில்தான் அவமானம் இருக்கிறது.

தோழர்களே! நாம் இவ்வளவு தூரம் எழுதியது ரூபாய் கணக்குக்காக மாத்திரமல்ல. ஒரு மனிதன் தன் கையில் பணத்தை வைத்துக்கொண்டு, அச்சடித்த விலையைத் தன் கண்ணால் படித்துக்கொண்டு, "ஏன் அதிகம்?" என்று கேட்கப் பயந்து, தலையைக் குனிந்துகொண்டு கொடுத்துவிட்டுப் போகிறானே, அதுதான் நமக்குப் பொறுக்கவில்லை. ஏன் கேட்கவில்லை? குடிக்க வந்தவனுக்குக் கேட்கிற யோக்கியதை இல்லையென்று அவனே நினைத்துக் கொள்ளுகிறான். தான் கீழானவன் என்று ஒருவனே நம்பிவிட்டால், அவனைக் கொள்ளையடிக்க ஆயுதம் எதற்கு?

ஆகவே சர்க்காரை நாம் கேட்பது இதுதான். கடைதோறும் விலைப் பலகையைக் கண்ணில் படும்படி மாட்டுங்கள். கணினி ரசீது முறை கொண்டுவந்ததாகச் சொல்லுகிறீர்களே, ஒவ்வொரு புட்டிக்கும் கேளாமலே ரசீது கொடுக்கச் செய்யுங்கள். ஊழியனுக்கு வயிறு நிறையச் சம்பளம் கொடுங்கள். உடைந்த புட்டியை உங்கள் கணக்கில் எழுதுங்கள். அதற்கு மேலும் வாங்கினால், அவனோடு நிறுத்தாமல் அவனிடம் பங்கு வாங்குகிறவனையும் சேர்த்துத் தண்டியுங்கள். வாசகத் தோழர்களுக்குச் சொல்லுவது, குடிக்காதிருந்தால் மிகவும் நல்லது. குடிக்கிறவனாயிருந்தால், ரசீது கேளுங்கள். ஒருவன் கேட்டால் "நவுரு" என்பான். வரிசையில் நிற்கிற பத்துப் பேரும் கேட்டால் யாரை நகரச் சொல்லுவான்?

பெல்ஜியத்துப் பழைய புட்டிக்கு எவ்வளவு விலை வைக்கலாம் என்பதை அதை வாங்கக் கூடியவர்கள் தீர்த்துக் கொள்ளட்டும். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நாளைக்குக் கடை திறக்கும்போது, அச்சடித்த விலைக்கு மேல் ஒரு காசு கொடுக்க மாட்டேன் என்று சொல்லப் போகிறவர்கள் எத்தனை பேர் என்பதே இனி நாம் பார்க்க வேண்டியது.